கருத்தம்மாளின் காலடி மண்

கருத்தம்மாள் எழுந்து அடுத்த ஏலச்செடித் தூருக்கு நகர்ந்ததும், அவள் குத்தவைத்திருந்த இடத்தில் செல்லத்தாய் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். தாளில் மடித்து மடியில் செருகினாள். முதலாளி வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தோட்டத்தில் என்ன சோலி? இந்த மண்ணுக்காகத்தான் ஜீப்பேறி மலைக்கு வந்திருக்கிறாள் என்று காயெடுத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் விளங்கிவிட்டது.

"எதுக்குடி எங்காலடி மண்ணு?"

"எங்கிட்டக் கேக்காத மதினி. மொதலாளி பேரப்புள்ள ரெண்டு நாளாப் பால் குடிக்கல. ஆசுபத்திரியில வெறும் சளிதான்னு மருந்து குடுத்துட்டாக. அந்தம்மா கேக்கல. கண்ணு பட்டுருக்காம், சுத்திப் போடணுமாம்."

அந்தம்மா என்றால் சந்திரவல்லி. பத்து வருசத்துக்கு முன்னால் இதே சரிவில் கருத்தம்மாளுக்குப் பக்கத்துத் தூரில் காயெடுத்தவள். அவள் புருசன் காசிராஜன் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்த நேரம் ஏலக்காய் விலை எகிறியது. குத்தகை சொந்தமானது. போன வாரம் போடியில் மாடிவீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். கருத்தம்மாளும் போயிருந்தாள். பேரனை மடியில் வாங்கிக்கொண்டு, முகம் தெரிகிற தரையைப் பார்த்தாள். ராசிங்காபுரத்தில் தன் தகரக்கூரை ஒழுகுகிற இடமெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரே அட்டைக்கடி பட்டோம், இவளுக்கு மட்டும் எப்படி? வாய் "நல்லாருக்கு" என்றது. வயிறு எரிந்தது.

எரிந்தது நிஜம். அதனால்தான் செல்லத்தாயிடம் சண்டைக்குப் போக நாக்கு எழவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் மலையிறங்குகையில், கூடக் காயெடுக்கிற தமிழ்செல்வி முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். "புதுக் கம்மலு மதினி. பாத்துறாத தாயி!"

ஜீப்பே சிரித்தது. கருத்தம்மாளும் சிரித்துவைத்தாள். கங்கில் போட்ட மிளகாய் நெடியடித்தால் கண்ணில்லை, அடிக்காவிட்டால் கண்ணுதான். இன்றைக்கு நெடி வராவிட்டால் நாளைக்கு ஜீப்பில் தனக்கு இடமிருக்காது. வேலை போனால் போகட்டும். அந்தப் பச்சைமண் தன்னாலா பாலைத் தொடாமல் கிடக்கிறது?

போடியில் இறங்கியவள் ஊர் பஸ்சுக்குப் போகவில்லை. மாடிவீட்டு வாசல்தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முற்றத்தில் மருமகள் சுஜிதா பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். காசிராஜனும் செல்லத்தாயும் பக்கத்தில் நின்றார்கள். சந்திரவல்லி மிளகாய், உப்பு, மண் எல்லாவற்றையும் மூன்று சுற்றுச் சுற்றிக் கங்கில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. புகை எழுந்தது. ஒரு இருமல் இல்லை.

"பாத்தீகளா, நெடியக் காணோம்! நாஞ் சொல்லல?" என்றாள் சந்திரவல்லி.

கருத்தம்மாள் கண்ணை மூடினாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆத்தா, மாரியாத்தா, காட்டிக் குடுத்துறாத.

காசிராஜன் ஒரு தும்மல் போட்டார்.

இன்னொன்று. பிறகு சந்திரவல்லி இருமினாள், செல்லத்தாய் இருமினாள். நெடி தெருவுக்கு வந்து தூணுக்குப் பின்னாலும் ஏறியது. தொண்டை கமறக் கமற, கண்ணில் நீர் வடிய இருமினாள் கருத்தம்மாள். வாழ்நாளில் இவ்வளவு சந்தோசமாக அவள் இருமியதில்லை. பிள்ளை வீறிட்டது. சுஜிதா அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"யாரு அங்க?"

"நாந்தேன். மண்ணுக்குச் சொந்தக்காரி."

சந்திரவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தப்பா நெனைக்காதடி. உன்னுது மட்டுமில்ல. எம்மாமியா காலடி மண்ணும் அதுலதேன் கெடக்கு."

"அது இருந்துமா நெடியடிச்சுச்சு?"

காசிராஜன் சிரித்தார், சிரிப்பே இருமலாயிற்று. உள்ளேயிருந்து சுஜிதா குரல் கொடுத்தாள்: "அத்தே, குடிக்கிறான்! மடக்கு மடக்குன்னு குடிக்கிறான்!"

சந்திரவல்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "காப்பி குடிச்சுட்டுப் போ" என்றாள்.

கருத்தம்மாள் உள்ளே போனாள். வயிற்றெரிச்சல் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு மிளகாயை அடக்கக்கூட வக்கில்லையாம். பிள்ளையை என்ன செய்துவிடும்? அடிக்கிற கை இல்லாதவளின் கோபம் மாதிரி. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டம்ளரை வாங்கிக்கொண்டு தரையை, சுவரை, மாடிப்படியை, மேலே தொங்கிய கண்ணாடி விளக்கை ஒன்றுவிடாமல் நிதானமாகப் பார்த்தாள். யாருக்கும் பயப்படாமல், ஆசை தீரப் பார்த்தாள்.