தண்ணீருக்குள் கால் பட்டால்

தாய்லாந்தில் தன் மகள் என்னதான் படிக்கிறாள் என்பது கோமதிநாயகத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் அவர். முத்துக் குளிக்கவா என்று கேட்டார், இல்லை என்றாள் சண்முகப்ரியா. நேவியா என்றார், அதுவும் இல்லை. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, ஒருவகையில் வாத்தியார் வேலைதான் என்று விளக்கினாள். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"தண்ணிக்குள்ள பேச முடியாதுங்குத. பேசாம எப்படிட்டி பாடம் நடத்துவ? வாத்தியார் வேலைதான்னா இங்கனயே பாக்கலாம்லா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ப்ரியா பி.எட். முடித்தவள். திருவேங்கடம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்காக ஓர் இடத்தைச் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இந்தப் பரீட்சையில் தேறிவிட்டால் அவள் வழி, தேறாவிட்டால் அப்பா வழி. கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்கும் தன்னை நினைக்கும்போதெல்லாம் ப்ரியா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். விழுந்து விழுந்து படித்தாள்.

கடலுக்கடியில் மீனோடு மீனாக மிதப்பதுதான் படிப்பு என்று நினைத்துக்கொண்டு கோ தாவ் தீவுக்கு வந்தவள் அவள். வந்த பிறகுதான் இது முக்கால்வாசி சுமைதூக்கும் வேலை என்று தெரிந்தது. காலையில் எழுந்ததும் சிலிண்டர்களைத் தூக்கிப் படகில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் இறக்க வேண்டும். நடுவில் வகுப்பு, நீச்சல்குளம், கடல், மறுபடி வகுப்பு. உப்புத்தண்ணீரில் அவள் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியில் பாதியை உடன் படிக்கிறவர்களே தின்று தீர்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு, மெதுவாகச் செய்வது. பம்புசெட் கிணற்றில் தொபுக்கடீர் என்று குதித்து நீச்சல் பழகியவளுக்கு, முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதைக் கோயில் தேர் நகர்கிற வேகத்தில் செய்துகாட்டச் சொன்னால் எப்படி வரும்? பார்க்கிறவன் கற்றுக்கொள்ள வேண்டுமாம், அதனால் ஆடி அசைந்துதான் செய்ய வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பழகினாள்.

கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் அவளுக்கு நெருக்கம். ஒருத்தி போர்ச்சுகல்காரி இனேஸ், பார்ப்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிறவள். இன்னொருவர் ரிஸ்வான் அகமது. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து, லீவு நாட்களில் கடலில் இறங்கிப் பார்த்து, அந்தப் பைத்தியம் முற்றி இங்கே வந்தவர். முதல் நாள் இங்கிலீஷில் கைகுலுக்கி, இரண்டாம் வாக்கியத்திலேயே ஒருவர் தமிழை ஒருவர் கண்டுகொண்டார்கள். அவருக்குக் கடையநல்லூர். ஊர்ப்பக்கம் இருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இங்கே வந்து அண்ணன் தங்கச்சி ஆகிவிட்டார்கள்.

பரீட்சை நடத்த வந்தவர் ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரர். வெள்ளைத் தாடி, அப்பாவைவிட மூத்தவர். கடலடி மணலில் இனேஸும் ரிஸ்வானும் மாணவர்களாக நடிக்க, ப்ரியா அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். இன்னின்ன தப்பைச் செய் என்று அவர்களிடம் ஹென்ட்ரிக் முன்னாலேயே ரகசியமாகச் சொல்லியிருப்பார். வாத்தியார் அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். மாணவர்கள் மேலிருந்து ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கக் கூடாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ப்ரியா திரும்பியபோது அவள் காலில் மாட்டியிருந்த நீளமான ரப்பர்த் துடுப்பு, பின்னால் நின்ற ஹென்ட்ரிக்கின் முகத்தில் பளாரென்று பட்டது.

பெரியவர் மேல் கால் பட்டுவிட்டது. அதுவும் முகத்தில். ப்ரியா யோசிக்கவே இல்லை. உடம்பை வளைத்துத் திரும்பி அவர் தோளைத் தொட்டாள், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி இருந்ததால் கை அதில்தான் பட்டது. ஒரு தடவை போதாது என்று தோன்றவே இன்னொரு தடவையும் ஒற்றிக்கொண்டாள். புத்தகத்தில் கால் பட்டால்கூடத் தலையில் குட்டு வாங்கி வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்? நிமிர்ந்து பார்த்தால் ரிஸ்வானைக் காணவில்லை. சொல்லிவைத்த தப்பைச் சரியாகச் செய்துகொண்டு, அந்தப் பாவி மனிதர் பலூன் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தார்.

மாணவனைக் கோட்டைவிட்ட வாத்தியாருக்குப் பாஸ் கிடையாது. இரண்டு நாள் விட்டு மறுபரீட்சை, அதுதான் கடைசி வாய்ப்பு.

கரையில் ரிஸ்வான் ஆறுதல் சொல்ல வந்தார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. ஆனா தண்ணிக்குள்ள அந்தப் பழக்கம் ஆவாது. அதை எப்படியாவது விடணும்லா."

விட வைப்பதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். போகிற வருகிற எல்லோரும் ப்ரியாவின் மேல் காலை இடிப்பது, அவள் காலில் தாங்களே போய் இடித்துக்கொள்வது, அவள் கை கண்ணுக்குப் போனால் எல்லோரும் ஓவென்று கத்துவது. காலைச் சாப்பாட்டின்போது மேசைக்கடியில் இடித்தார்கள். படகுத்துறையில் இடித்தார்கள். வகுப்பில் பின்வரிசையிலிருந்து காலை நீட்டி இடித்தார்கள். சமையல்கார அம்மாவுக்கு இதைக் காணப் பொறுக்கவில்லை. அவர்கள் ஊரிலும் காலைக் கண்ட இடத்தில் நீட்டுவது மரியாதை இல்லை. ப்ரியாவுக்கு மட்டும் ஒரு முட்டை கூட வைத்துவிட்டு மற்றவர்களைத் தாய்லாந்து மொழியில் திட்டித் தீர்த்தாள்.

முதல் நாள் ப்ரியாவின் கை நிற்கவே இல்லை. யார் இடித்தாலும் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள், ஓவென்ற கத்தலைக் கேட்டு நொந்துகொண்டாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கை பாதி வழியில் நின்றது. சாயங்காலம் ரிஸ்வான் வேண்டுமென்றே முழங்காலில் இடித்தபோது கை அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ப்ரியாவுக்கு மட்டும் யாருடைய சாமானையோ திருடிவிட்ட மாதிரி உறுத்தலாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போன் பேசவில்லை.

மறுபரீட்சை அன்று தண்ணீர் தெளிவாக இருந்தது. அதே மணல், அதே மாணவர்கள், அதே ஹென்ட்ரிக். இந்த முறை அவர் நன்றாகவே தள்ளி நின்றார். ரிஸ்வான் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டு திணறுவதாக நடித்தார். ப்ரியா அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, நிதானமாகச் செய்துகாட்டிச் சரிசெய்தாள். இனேஸ் அவரைப் பார்ப்பதற்காகத் திரும்பினாள். அப்போது அவள் துடுப்பு ரிஸ்வானின் தலையில் இடித்தது.

இனேஸ் சட்டென்று குனிந்து ரிஸ்வானின் தோளைத் தொட்டாள். தொட்ட கையைக் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டாள்.

தொட்டது வலது கை. இடது கையில் மிதவை ஜாக்கெட்டின் குழாயைப் பிடித்திருந்தாள். குனிந்த வேகத்தில் கட்டைவிரல் காற்றடைக்கும் பொத்தானை அழுத்திவிட, ஜாக்கெட் உப்பி ஆளைத் தூக்கத் தொடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வேகத்தில் மேலே போனால் நுரையீரல் என்ன ஆகும் என்பதை ப்ரியா வகுப்பில் மனப்பாடமே செய்திருந்தாள். ஒரே எட்டில் பாய்ந்து இனேஸின் கணுக்காலைப் பிடித்தாள். இன்னொரு கையால் ஜாக்கெட்டின் பின்பக்கக் கயிற்றை இழுத்துக் காற்றை வெளியேற்றினாள். மூச்சை விடு, விடு என்று கையால் காட்டினாள். அவ்வளவையும் செய்யும்போதே ஓரக்கண்ணால் ரிஸ்வானையும் பார்த்துக்கொண்டாள். இருவரும் மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

படகில் ஹென்ட்ரிக் தாடியைப் பிழிந்துகொண்டே, அவள் தேறிவிட்டாள் என்றார். பிறகு இனேஸைக் காட்டி, அவள் மேலே போனது தான் சொல்லிவைத்த தப்பு இல்லை என்றார். அது நிஜமாகவே நடந்த விபத்து, இனேஸ் உண்மையிலேயே காப்பாற்றப்பட்ட ஆள் என்றார். இனேஸ் முகம் சிவந்து, தனக்கே தெரியாமல் கை போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். ப்ரியா அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரிப்பிலேயே கொஞ்சம் அழுதாள்.

அப்பாவுக்குப் போன் போட்டபோது மார்க்கெட்டில் ஏலம் உச்சத்தில் இருந்தது. பிச்சிப்பூ விலைக்கு நடுவில் அவள் நடந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னாள். முதலில் தோற்றது, பழக்கத்தை விட்டது, இனேஸ் மேலே போனது எதையும் மறைக்கவில்லை. பழக்கத்தை விட்டதற்குத்தான் திட்டப்போகிறார் என்று அவள் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளக்காரப் பிள்ளைக்கு இதை யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"யாருமே சொல்லிக்குடுக்கலப்பா. நான் செஞ்சதப் பாத்துப் பாத்து அவளுக்கும் வந்திட்டு."

"நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல?"

"இல்லப்பா."

ஏலக் கூச்சல் சற்றே தள்ளிப் போனது. அவர் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார் போலிருந்தது.

"அந்த ஸ்கூல்ல வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிருதேன், மக்கா."