ஆடி கழியட்டும்

“போடு ஆத்தா, கையெழுத்து” என்று பேனா மூடியைத் தானே கழற்றி நீட்டினார் உடையப்பன்.

காவ்யா தாளைப் படித்தாள். லண்டன் விசா மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தாமதமானதற்கு அவள்தான் காரணமாம். காகிதங்களை அவள் நேரத்தில் தரவில்லையாம். வக்கீல் மேல் எந்தக் குறையும் இல்லையாம். அடேயப்பா, என்ன பெரிய மனசு!

உடையப்பன் பொன்னமராவதியில் பேர்போன வக்கீல். லண்டனில் இருக்கும் அவள் கணவன் வசந்துக்குப் பெரியப்பா. சொந்தத்தில் வக்கீல் இருக்க வெளியாளிடம் போவதா என்று குடும்பமே அவரைத்தான் பிடித்தது. மறுப்புக் கடிதம் வந்தது ஆடி இரண்டாம் தேதி. கெடு இருபத்தெட்டு நாள். மறுநாளே காவ்யா எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டம் படித்த மேதை பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “ஆடி கழியட்டும், இப்பத் தொடங்குனா வெளங்காது” என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆவணி முதல் தேதி நல்ல நேரம் பார்த்து அனுப்பினார். கெடு தாண்டிவிட்டது, ஏன் தாமதம் என்று அந்த நாட்டு மேல்முறையீட்டுக் கோர்ட்டிலிருந்து கேட்டுப் படிவம் வந்திருக்கிறது.

நேற்றுத்தான் அவள் புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் என்ற வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். “கேஸ் கட்டைத் திருப்பி வாங்குங்க. அவரு தப்பைத் தேதியோட எழுதித் தாமதத்தை மன்னிக்கக் கேக்கலாம். பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், நஷ்டஈட்டுக்கு சிவில் கேஸ் போடலாம். நுகர்வோர் கோர்ட்டு மட்டும் வக்கீலுக்கு ஆகாது. ஆனா ஒங்க தப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்கன்னா, எல்லாம் போச்சு.”

“போட்டுக் குடேன்டி. நீ வந்த நேரம், அவருக்குக் கெட்ட பேரா?” என்றாள் மாமியார் ராஜலட்சுமி.

வசந்தும் போனில் அதையே பாடினான். “பெரியப்பா பேரு கெட்டுரும் காவ்யா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.” தூ! தாலி கட்டியவளைவிடப் பெரியப்பாவின் பெயர்ப்பலகை அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

காவ்யா பேனாவை வாங்கினாள். அவர் தாளை ஒதுக்கிவிட்டு, காரணம் கேட்டு வந்த படிவத்தில் இங்கிலீஷில் எழுதினாள்: ‘ஆடி மாதத்தில் நல்ல காரியம் கூடாது என்று என் வக்கீல் காகிதங்களைப் பூட்டி வைத்திருந்தார்.’

“பார் கவுன்சிலுக்கும் இன்னைக்கே எழுதுறேன், மாமா. என் கேஸ் கட்டைக் குடுங்க.”

எட்டிப் பார்த்த உடையப்பனுக்கு முகம் கறுத்தது. “ஏத்தா, இதைப் படிச்சா வெள்ளைக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்!”

“சிரிக்கட்டும் மாமா. நீங்க பூட்டி வச்சன்னைக்கு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் சிரிப்பு வரலையே.”