ஒரு மேசைக்கு ஒரு ஓட்டு

அந்தத் தாளை எழுதியது நான்தான். திட்டுவதென்றால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். இரும்புப் பட்டறையை விட்டு வெளியே போக மாட்டோம் என்று நாங்கள் பதினாலு பேர் உள்ளேயே உட்கார்ந்துகொண்டோம். கூட்டுறவு என்று பதிவு செய்து, "பிடிவாதக்காரி" என்று பெயரும் வைத்தோம். பெயருக்கு ஏற்ற மாதிரியே நடந்துகொண்டோம். எந்த வேலையை எடுப்பது, எந்தப் பெயின்ட் வாங்குவது, வானொலியில் எந்த நிலையம் வைப்பது, எல்லாவற்றுக்கும் பதினாலு வாய் கத்தியது. பொறுக்க முடியாமல் நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன்: "பட்டறை விவகாரங்களில் ஒரு மேசைக்கு ஒரு ஓட்டு. மேசைக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்து ஒரே வாயால் சொல்ல வேண்டும். சரிசமமாக வந்தால் உள்ளது உள்ளபடி இருக்கும்."

எழுதிச் சுவரில் ஒட்டினேன். அன்றைக்குப் பட்டறையில் ஐந்து மேசைகள். ஐந்தும் வார்ப்பிரும்பு, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியவை. மேசை என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வினை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதையும் நான்தான் கொண்டுவந்தேன்.

எங்களுக்கு வருவதெல்லாம் சின்னச் சின்ன வேலை. ஒரு அடுக்குமாடிக்கு நாற்பது தபால் பெட்டி, ஒரு நாடகக் கொட்டகைக்குப் பன்னிரண்டு விளக்குக் கம்பம், ஒரு பைத்தியக்காரப் பணக்காரிக்கு அறுபது கிளிக்கூண்டுக் கதவு. எங்கள் ஊர் வாலென்டின் அல்சினாவில் இந்த மாதிரி வேலையை எடுக்க எங்களை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அசையாத மேசையை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும் பாடு. அதனால் பழைய ஐந்தையும் உருக்கப் போட்டுவிட்டுப் புதிய மேசைகளை நானே வரைந்து, நானே அறுத்து, நானே பற்ற வைத்தேன். இரும்புச் சட்டம், உயரத்தை ஏற்றி இறக்க ஒவ்வொரு காலிலும் ஒன்பது துளையும் ஒரு ஊசியும், அடியில் பிரேக் வைத்த சக்கரம், பக்கத்துக்கு இரண்டு கொக்கி, மேல் தகடு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் துளை. துளையில் பட்டறைப் பிடியைச் செருகலாம், வளைக்கும் அச்சைச் செருகலாம், ஒன்றும் இல்லாவிட்டால் குடையைக்கூடச் செருகலாம். கொக்கியைப் போட்டால் நாலு துண்டு சேர்ந்து ஒரு மேசை. கழற்றினால் நாலு மேசை. காலையில் தபால் பெட்டிக்கு நீளவாக்கில் நிற்கும், மதியம் கிளிக்கூண்டுக்கு வட்டமாக நிற்கும். பெருமையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பொருளை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, இனிச் செய்யப் போவதும் இல்லை.

எல்லாருக்கும் பிடித்திருந்தது, நசரேனோவைத் தவிர. அவன் பற்றவைப்புக்காரன். மலை மாதிரி உடம்பு. ஜன்னலோரம் அவனுக்கு உயிர். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவன் மேசை கழிப்பறை வாசலில் நிற்கும்.

"என் இடத்த எங்கடி கொண்டு போய் வச்ச?" என்று கத்துவான்.

"இடம் எங்கயும் போகல, ஜன்னலோரமே இருக்கு. மேசைதான் கொஞ்சம் காலாற நடந்துருக்கு," என்பேன்.

இப்படி நான் அவனைச் சீண்டியதெல்லாம் சேர்ந்து போன ஜூலையில் வட்டியோடு திரும்பி வந்தது. ஒரு பெரிய துணிக்கடைக் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரே பொருள், கோட்டு மாட்டும் கம்பி. மாதம் இருபதாயிரம் உருப்படி. ஒரே நிபந்தனை: மேசைகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தித் தரையோடு முடுக்கிவிட வேண்டும்.

என் மேசைகளை! சக்கரத்தைக் கழற்றிவிட்டு!

"மூணு வருஷம் எதையும் யோசிக்க வேணாம்," என்று நசரேனோ கையைத் தேய்த்துக்கொண்டான். "ஜன்னலோரத்துல உக்காந்து கம்பிய வளைச்சுக்கிட்டே இருக்கலாம்."

"நீ இப்பவும் யோசிக்கிறதாத் தெரியலையே?" என்றேன்.

தலைவி ஒத்திலியா வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டு என்று அறிவித்தாள். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். நசரேனோவின் மேசை கம்பிக்கு. ஒத்திலியாவின் பெயின்ட் மேசை கம்பிக்கு. கட்டுமான மேசை கம்பிக்கு. எதிர்ப்பு இரண்டுதான்: கடைசல்காரன் பெர்மினின் மேசையும், என்னுடையதும். மூன்றுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமையோடு என் மேசைகளின் கதை முடிந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன் காலையில் சுவரில் இருந்த தாளைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மேசைக்கு ஒரு ஓட்டு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் மேசையில் நாங்கள் நாலு பேர்: நான், லெதெஸ்மா அக்கா தங்கை, அப்புறம் பெத்தீசோ. போய் இரண்டே கொக்கியைக் கழற்றினேன். லெதெஸ்மாக்காரிகள் இருந்த பாதியை இரண்டு அடி தள்ளி நிறுத்திப் பிரேக்கைப் போட்டேன்.

மூன்றுக்கு மூன்று. சரிசமம் என்றால் உள்ளது உள்ளபடி. சீட்டியடித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

நசரேனோ முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். "என்ன அது?"

"விளக்குக் கம்பத்துக்கு இடம் பத்தல."

அவன் மெதுவாக நடந்து போய்த் தாளைப் படித்தான். ஒருமுறை, இரண்டுமுறை. திரும்பி வந்து தன் மேசையின் கொக்கிகளைக் கழற்றினான். மூன்றாகப் பிரித்தான். "எனக்கும் விளக்குக் கம்பம்," என்றான். அவன் செய்துகொண்டிருந்தது தபால் பெட்டி.

அப்புறம் யாரை யார் பிடிப்பது? பெர்மின் பிரித்தான். கட்டுமான மேசை பிரிந்தது. பெயின்ட் மேசையில் இருந்த லிசாந்த்ரோ, கம்பி வேண்டாம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே தன் துண்டை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்து சேர்ந்தான். நசரேனோ ஆளே இல்லாத மூன்று துண்டை இழுத்து வந்து தன்னைச் சுற்றி நிறுத்திக்கொண்டான். நான் விடுவேனா? ஒத்திலியாவைக் கூப்பிட்டேன்.

"இதெல்லாம் மேசையா?" என்று கேட்டேன்.

"நாலு காலு இருக்குல்ல?" என்றான் நசரேனோ.

"உங்க வீட்டு நாய்க்குந்தான் நாலு காலு இருக்கு. அதுக்கும் ஓட்டு குடுக்கலாமா?"

ஒத்திலியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யோசித்தாள். "ஆள் நின்னு வேலை பாக்குறதுதான் மேசை," என்று தீர்ப்புச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பெயின்ட் மேசையையும் நைசாக இரண்டாக்கினாள். நடுநிலை என்பது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பட்டறையைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது. ஆளுக்கொரு சின்ன மேசை, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல். விளக்குக் கம்பம் மூன்று மீட்டர் நீளம். அதன் ஒரு முனை பெர்மின் மேசையில், மறுமுனை நசரேனோ மேசையில். ஒரு முனை கம்பி வேண்டாம் என்றது, மறுமுனை வேண்டும் என்றது, நடுவில் வளைந்து போயிற்று. பாவம் பெத்தீசோதான். எங்களுக்கெல்லாம் மாத்தே என்ற இலைக் கஷாயத்தை ஊற்றிக் கொடுப்பவன் அவன். மிசியோனெஸ் பக்கத்துக்காரன், அந்த இலை விளைகிற ஊர். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கசப்பு, யாருக்கு ஆரஞ்சுத் தோல் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. முன்பெல்லாம் ஐந்து மேசையைச் சுற்றி வந்தால் போதும். இப்போது வெந்நீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு தபால்காரன் மாதிரி பதின்மூன்று வாசல் ஏறி இறங்கினான்.

ஆமாம், பதின்மூன்று. நானும் பெத்தீசோவும் மட்டும்தான் இன்னும் ஒரே மேசையில் இருந்தோம். கணக்கு இதுதான்: கம்பிக்கு ஏழு மேசை, எனக்கு ஆறு. நசரேனோ வியாழன் சாயங்காலமே ஜன்னலோரத்தில் தன் நாற்காலிக்கு அடையாளம் போட்டுவிட்டான். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எல்லாம் நடிப்பு. துருப்புச் சீட்டு என் பக்கத்திலேயே நின்று தபால் பெட்டிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். முற்றத்தில் பாதி பீப்பாயில் கரி கனன்றுகொண்டிருந்தது, அதில் வாட்டிய சொரீசோ தொத்திறைச்சியின் வாசனை உள்ளே வந்து எல்லாருக்கும் வயிற்றைக் கிள்ளியது. ஒத்திலியா மணியை எடுத்தாள். நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். கூட்டத்தில் எழுதுவது எப்போதும் என் வேலை.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

குனிந்து இரண்டு கொக்கியையும் கழற்றினேன். பெத்தீசோவின் துண்டை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். அது மூன்று அடி உருண்டு போய் நின்றது.

"பதினாலாவது மேசை," என்றேன்.

நசரேனோவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் விரலை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். "ஏழுக்கு ஏழு," என்று முனகினான். "சரிசமம்."

"உள்ளது உள்ளபடி இருக்கும்," என்று நான் சுவரைக் காட்டினேன். லெதெஸ்மாக்காரிகள் கை தட்டினார்கள். பெர்மின் விசில் அடித்தான்.

"முறைப்படி எடுத்துருவோம்," என்றாள் ஒத்திலியா. "கம்பி வேணுங்கிற மேசைங்க கை தூக்குங்க."

நசரேனோ தூக்கினான். அவனுடைய இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். கட்டுமானம் இரண்டு, பெயின்ட் இரண்டு. நான் புத்தகத்தில் ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"எட்டு," என்றாள் ஒத்திலியா.

நிமிர்ந்து பார்த்தேன். பெத்தீசோவின் கை மேலே இருந்தது.

"டேய், கைய எறக்கு. இது கம்பி வேணுங்கிறவங்களுக்கு," என்றேன்.

"தெரியும்."

"பெத்தீசோ! நம்ம மேசைடா!"

"இப்ப இது என் மேசை. நீதான இப்பத் தள்ளிவிட்ட."

யாரோ சிரித்தார்கள். நசரேனோ சிரிக்கவில்லை, அவனுக்கே குழப்பம். "ஏன்டா? உனக்கு என்ன கம்பி மேல அவ்ளோ ஆசை?" என்று கேட்டான்.

கூட்டத்தில் பெத்தீசோ பேசி யாரும் கேட்டதில்லை. எங்கள் மேசைக்கு எப்போதும் நான்தான் வாய்.

"கீழ பாருங்க," என்றான்.

பார்த்தோம். அவன் ஒரு சோடாப் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தான். பெத்தீசோ என்றால் குள்ளன், அதனால்தான் அந்தப் பட்டம். அந்தப் பெட்டியை நான் தினம் பார்த்திருக்கிறேன். அது அவனுடைய ஏதோ ஒரு வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்குத்தான காலுல துளை வச்சிருக்கேன்!" என்று எனக்குக் கோபம் வந்தது. "ஒன்பது துளை! ஊசிய உருவி எறக்குனா ஆச்சு, ஒரு நிமிஷ வேலை! சொல்லியிருக்கலாம்ல?"

"ஒட்டியிருக்கிற மேசையில என் பக்கத்த மட்டும் எப்படி எறக்குறது? ஒன்னோடதும் சேர்ந்து எறங்கணும். சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நாளைக்குப் பாக்கலாம்னு சொன்ன."

அவன் சொன்னதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் சுட்டது. "அந்தக் கம்பெனித் தாள்ல ஒரு வரி இருக்கு," என்று அவன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க உயரத்துக்கு மேசைய வச்சுத் தரணும்னு. எனக்கு முழங்கால் போயிருச்சு. பெட்டியில ஏறி ஏறி எறங்கி. மாத்தே ஊத்த ஒரு தடவ எறங்கணும், திரும்ப ஏறணும்."

அந்தத் தாளை நான் மூன்று முறை படித்திருந்தேன், சண்டை போட ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தேடி. அந்த வரி என் கண்ணில் படவே இல்லை.

"நான் இப்பவே எறக்கித் தரேன்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எறக்கிக்கலாம், அது இருக்கட்டும்," என்றான். "கைய நான் தூக்கியாச்சு."

கையை அவன் இறக்கவில்லை. ஒத்திலியா மணியை ஒருமுறை தட்டினாள். "எட்டுக்கு ஆறு. எழுது, தெல்மிரா. எந்தெந்த மேசைன்னு பேர் போட்டு எழுது, நாளப்பின்ன யாரும் சண்டைக்கு வரக் கூடாது."

எழுதினேன். நசரேனோ பெர்த்தொலொத்தி, அவனுடைய ஆட்கள், கட்டுமானக்காரர்கள், ஒத்திலியா என்று ஏழு பேரையும் முழுப் பெயரோடு எழுதினேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். யாரைத் திட்டுவதானாலும் முழுப் பெயரோடு திட்டுவதுதான் என் பழக்கம். எட்டாவது வரியில் பெத்தீசோவின் சொந்தப் பெயரை "இலாரியோ" என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

பதினோரு வருஷமாகத் தீர்மானப் புத்தகத்தில் "தெல்மிராவின் மேசை" என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். நாலு பேருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இப்போது பதின்மூன்று பேரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் சொரீசோ கருகுகிற வாசனை வந்தது, அதைப் புரட்டக்கூட யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது.

"இலாரியோ... உன் குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"சவ்சுக்," என்றான்.

"எப்படி எழுதணும்?"

அவன் பெட்டியை விட்டு இறங்கினான், வலது காலை மெதுவாக ஊன்றி. நடந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவனே எழுதினான்.