இல்லாத இடத்தைக் காட்டிய ஷார்ட்கட்

ஈவாஞ்சலின் பிரிண்ட் கொடுத்ததும் திரையில் அந்தப் பெட்டி மறுபடியும் வந்தது. ஷார்ட்கட் காட்டுகிற கோப்பு இடம் மாறிவிட்டது அல்லது அழிந்துவிட்டது, ஷார்ட்கட்டை நீக்கிவிடலாமா என்று கேட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். வேறொரு பெயரோடு இன்னொரு பெட்டி வந்தது. அதையும் மூடியபின், பெரிய தாளில் வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் ஒரு தாளை மெல்லத் தள்ளியது. எடுத்து விரித்த வேல்விழி முகத்தைச் சுளித்தாள்.

“எல்லாக் கோடும் ஒரே கனத்துல வந்துருக்குளா. தூண் எது, தண்ணி எதுன்னு ஒரு இழவும் தெரியல.”

இருவரும் துறைமுகம் பக்கத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒன்றாக வரைந்தவர்கள். அந்த நிறுவனம் இழுத்து மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டரையும் பிளாட்டரையும் வாங்கிவந்து, மாப்பிள்ளையூரணியில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார்கள். புன்னைக்காயல் மீன் ஏலக்கூடம்தான் அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அங்கே பெண்கள் கொளுத்தும் வெயிலில் மணலில் உட்கார்ந்துதான் ஏலம் விட்டார்கள். ஊர்க் கமிட்டி கூடம் கட்ட முடிவெடுத்ததும், ஒரு காண்ட்ராக்டர் வேறெங்கோ கட்டிய மண்டபத்தின் படத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருந்தார். உயரமான படிகள், நாலு பக்கமும் சுவர். ஈவாஞ்சலினும் வேல்விழியும் கடற்கரையிலேயே கிடந்து, கூடை சுமப்பவர்கள் எந்த வழியாக வருகிறார்கள், வள்ளத்தை எங்கே ஏற்றுகிறார்கள் என்று பார்த்து வரைந்திருந்தார்கள்.

அன்று மாலை ஊர்க்கூட்டம். இரண்டில் எது என்று ஊரே முடிவு செய்யும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரிய தாளில் அச்சடிக்கும் கடைகள் பூட்டிக் கிடந்தன. இத்தனை நாளும் சரிபார்க்கச் சின்னத் தாளில்தான் எடுத்தார்கள். அதில் கோட்டின் கனத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெட்டிகளையும் ஈயை விரட்டுவதுபோல மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிரைட்டனைப் போனில் பிடித்தாள் ஈவாஞ்சலின்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்க்கா,” என்றான் அவன். “இன்னைக்கு முடியாது. நாளைக்கு வாரேன்.”

ஈவாஞ்சலின் போனை வைத்ததும் வேல்விழி கேட்டாள்: “கமிட்டித் தலைவரு சிலுவை அண்ணாச்சிகிட்ட கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுவமா?”

“தள்ளிவச்சா அந்த மண்டபந்தான் ஜெயிக்கும். பொறு, ஒரு தடவ பாத்துருவோம்.”

ஈவாஞ்சலின் மறுபடி பிரிண்ட் கொடுத்தாள். பெட்டி வந்தது. இம்முறை மூடவில்லை. அதில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஒன்று, புதுப் பிளாட்டர் சேர்க்கும் வசதிக்கான ஷார்ட்கட். இன்னொன்று, எந்த நிறக் கோடு எந்தக் கனத்தில் வரவேண்டும் என்று சொல்லும் கோப்புக்கான ஷார்ட்கட். அது காட்டிய முகவரியைப் பார்த்ததும் அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஏளா வேலு, இங்கன வா. இது நம்ம பழைய ஆபீஸ் சர்வரத் தேடுது.”

“அதத்தான் என்னைக்கோ காயலான் கடைக்குப் போட்டாச்சே!”

“அதான் சங்கதி. செத்துப்போனவன் வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கி.”

“அப்பம் நீக்கிரு.”

“நீக்குனா பிளாட்டரே போயிருமோன்னுதான நாம ரெண்டு பேரும் பயந்தோம்?” ஈவாஞ்சலின் சிரித்தாள். “ஷார்ட்கட் வெறும் கைகாட்டி. கைகாட்டியப் பிடுங்குனா ஊரு எங்க போவும்?”

மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து, பிளாட்டர் கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பார்த்தாள். அங்கே போய்ச் செத்த ஷார்ட்கட்டை வெட்டி வேறொரு ஃபோல்டரில் பத்திரமாகப் போட்டாள். கோட்டுக் கனத்துக்கான ஃபோல்டரில் இருந்ததையும் அப்படியே நகர்த்தினாள். மென்பொருளை மூடித் திறந்து பிரிண்ட் கொடுத்தாள். எந்தப் பெட்டியும் வரவில்லை. வேல்விழி மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

ஆனால் கோடுகள் இன்னும் ஒரே கனத்தில்தான் இருந்தன. அந்தக் கோப்பு சர்வரோடு போய்விட்டது. புதிதாக எல்லா நிறத்துக்கும் கனம் கொடுக்க உட்கார்ந்தால் கூட்டம் முடிந்துவிடும்.

வேல்விழி சட்டென்று நிமிர்ந்தாள். “பழைய ஆபீஸ்ல உப்புக் கிட்டங்கி வேலைக்கு நான் படத்த மூட்டை கட்டி அனுப்புனேம்லா? படத்தோட சேர வேண்டிய கோப்பெல்லாம் அதுக்குள்ள தானா வந்துரும். அந்த மூட்டை இதுலதான கிடக்கும்?”

தேடினார்கள். இருந்தது. மூட்டையைப் பிரித்துக் கனக் கோப்பை எடுத்து உரிய ஃபோல்டரில் போட்டு, எல்லாத் தாள்களையும் ஒன்றாக அனுப்பினார்கள். பிளாட்டர் மூச்சு வாங்காமல் ஓடியது. தூண்கள் கறுத்துத் தடித்து நின்றன. தண்ணீர்க் கோடு மயிரிழையாக ஓடியது. வேல்விழி ஈவாஞ்சலினைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

புன்னைக்காயலில் கோயில் வளாகத்துக் கூடத்தில் தாள்களைத் தரையில் விரித்தார்கள். கமிட்டித் தலைவர் சிலுவை விளக்கம் கேட்க வாயெடுப்பதற்குள், ஏலக்காரப் பெண்களுக்கு முன்நிற்கும் கிளாடிஸ் குனிந்து விரலை வைத்துவிட்டாள்.

“இது தண்ணி. இது வள்ளம் ஏத்துற பாதை. அதுல தூணு வரல, பாருங்க. படியும் இல்ல, சரிவுதான். கூடையோட நேரா ஏறிரலாம்.” நிமிர்ந்து ஈவாஞ்சலினைப் பார்த்தாள். “சரிதானம்மா?”

“சரிதான் அக்கா. ஒண்ணு விடாம சொல்லிட்டீங்க.”

பெண்கள் சுற்றிலும் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயை இன்னும் கிழக்கே தள்ளச் சொன்னார்கள். வேல்விழி பென்சிலால் அங்கேயே குறித்தாள். சிலுவை கை தூக்கச் சொன்னார். பெண்கள் பக்கம் தூக்காத கை இல்லை. ஆண்களிலும் பெரும்பாலோர் தூக்கினார்கள்.

“பொறவென்ன, இதுதான்,” என்றார் சிலுவை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கிளாடிஸுக்கு அதோடு விட மனமில்லை. “வாங்கம்மா, மண்ணுல அளந்து காட்டுங்க,” என்று இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெயில் தாழ்ந்த கடற்கரையில் வேல்விழி டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, ஈவாஞ்சலின் தூண் வரும் இடங்களைக் காலால் கீறிக்கொண்டே போனாள். கீறிய இடத்திலெல்லாம் ஒரு பெண் வந்து தூணாக நின்றாள். மற்றவர்கள் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மனிதத் தூண்களுக்கு நடுவே நடந்து பார்த்தார்கள். யாரும் யார்மீதும் இடிக்கவில்லை. கிளாடிஸ் நடுவில் நின்று, இல்லாத மீனுக்கு முழுக் குரலில் ஏலம் கூவினாள்.