கவலை மாடுகள்

முப்பத்தாறாம் வருஷக் கோடையில், குருவிநத்தத்தை ஒட்டித் தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தில் கரி தூக்குவதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பார்த்துவர கம்பெனி துரை என்னை அனுப்பினார். வடம், கொக்கி, உருளை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். குறை இல்லை. எனக்குப் பிடிக்காதது மாடுகள்தான். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த ஜோடியையே கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். மேலே வந்த சால் வாளியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால், அதைத் திரும்பக் கிணற்றில் இறக்கத் தாமாகவே பின்னால் நடக்கப் பழகியவை அவை.

"இங்க ஏதுங்க தண்ணி?" என்றான் மாடோட்டும் பக்கிரி.

அவன் சொல்லி வாய் மூடவில்லை. கரி நிறைந்த இரும்புத் தொட்டி பாதி ஏறியிருந்தபோது மாடுகள் நின்றன. காதைத் திருப்பின. பின்னால் நடக்க ஆரம்பித்தன. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"கீழ தண்ணி வருதா?" என்று குழிக்குள் கத்தினேன்.

"காஞ்சி கெடக்குதுங்க." கரி அள்ளும் இருவரில் ஒருவனான சம்மந்தத்தின் குரல்.

"கரி கெடக்கட்டும். ரெண்டு பேரும் ஏறி வாங்க."

தொட்டியில் ஒருவன்தான் நிற்க முடியும். மற்றவன் கலியபெருமாள் முதலில் வந்தான். அவன் காலில் ஈரமே இல்லை.

"இன்னாத்துக்குங்க இந்த அவசரம்?" என்று சிரித்தான்.

சம்மந்தத்துக்காகத் தொட்டியை மறுபடி இறக்கினோம். ஏறியாயிற்று என்ற அடையாளமாக வடம் ஆடியதும் பக்கிரி மாடுகளை ஓட்டினான். அவை முக்கி முக்கி இழுத்தன.

"ஒல்லி ஆளுதான, இன்னா கனம் கனக்குது?" என்றான் பக்கிரி.

தொட்டி மேலே வந்தது. உள்ளே விளிம்புவரை தண்ணீர் மட்டும் இருந்தது. அது தளும்பிக் கொட்டிய சத்தம் கேட்டு, மாடுகள் பழக்கப்படி பின்னால் நடந்தன.