ஜீப்புச் சூடு

எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு. ‘கர்ப்பப்பை வாய்’ என்று வகுப்புக்குப் பேச வந்த டாக்டரம்மா சொன்னதும் கிளம்பிய சிரிப்பு கடைசி பெஞ்சுவரை போய்த் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே வந்த புற்றோடுதான் என் அம்மா பொன்னுமணி எங்கள் ஊர் சிலமலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

எச்.பி.வி. என்று ஒரு கிருமி, தாம்பத்தியத்தில் ஒட்டுவது, பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றாகும், முன்னாலேயே ஊசி போட்டுக்கொண்டால் பெருமளவு தடுக்கலாம் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். கேள்விப்பட்டவர்கள் யார் என்றார். ஒருத்தி கையும் எழவில்லை. வெள்ளிக்கிழமை இங்கேயே போடுகிறோம், யாரெல்லாம் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

“அது ஒரு மாதிரிப் பொண்ணுகளுக்குப் போடுறதுடீ” என்றாள் தேவி. அவள் என் தெருக்காரி. அவள் அம்மா வேலுத்தாயும் என் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்க ஒரே ஜீப்பில் போனவர்கள்.

பக்கத்தில் இருந்த முஸ்கான் என் கையைப் பிடித்து இறக்கினாள். “எனக்கு நிக்காஹ் பேசியிருக்காங்க. இப்பப் போயி இந்த ஊசிய போட்டா மாப்ள வீட்ல என்ன நினைப்பாங்க? நீயும் போடாத மகாராணி.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததைக்கூட ஊரில் ஏதோ கட்டிக்கு வைத்தியம் என்றுதான் சொல்லியிருந்தோம். விஷயம் தெரிந்தால் என்னை எவன் கட்டுவான் என்று அம்மாவுக்குப் பயம். நான் எழுந்து நின்றேன்.

“எங்கம்மாவுக்கு அதுதான் வந்திருக்கு. அவங்க ஒரு மாதிரிப் பொம்பளை இல்ல. எங்கப்பாவைத் தவிர யாரையும் தெரியாது. முத்திப்போச்சுன்னு கைவிட்டுட்டாங்க.”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையும் தூக்கவில்லை. முஸ்கான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சத்தியத்தை உடைத்ததற்கு அதுதான் மிச்சம்.

சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்குமுன் செய்தி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. தேவியிடம் போன் பின்னே எதற்கு இருக்கிறது? வாசல் முழுக்கச் செருப்பு. மலையிலிருந்து இறங்கிய ஜீப்புப் பெண்கள் தலைத்துண்டுகூட அவிழ்க்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேவியும் நின்றாள்.

அந்த ஜீப்புக்கென்று ஒரு வைத்தியம் உண்டு. வளைவுக்கு வளைவு குலுங்குவதாலும், நாளெல்லாம் ஏலச்செடித் தூரில் ஈரத்தில் குத்தவைத்திருப்பதாலும் அடிவயிறு சூடாகி ரத்தம் படுகிறது என்று நம்பினார்கள். அதற்குப் பேர் ஜீப்புச் சூடு. வெந்தயம் போட்ட மோர் குடித்தால் போய்விடுமாம். சேர்ந்தாற்போல் லீவு போட்டால் கங்காணி அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவான். அதனால் ஆஸ்பத்திரியைவிட மோர்தான் எல்லாருக்கும் தோதாக இருந்தது. அம்மா தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோய் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றுவாள்.

இப்போது அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் முந்திக்கொண்டேன். “என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அம்மாவ விட்டுருங்க.”

வேலுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் ஏலக்காய்க் கறை.

“அந்த ஊசிய எனக்குப் போடச் சொல்லு ஆத்தா. வெள்ளிக்கிழமை நான் சோலிக்குப் போகல.”

“உங்களுக்கு எதுக்கு சித்தி?”

“தீட்டு நின்னு வருசமாச்சு. இப்பத் திரும்பப் படுது. மோருக்குக் கேக்க மாட்டேங்குது.”

மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த ஊசி வராமல் தடுக்கும், வந்ததை ஆற்றாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

“அது உங்களுக்கு இல்ல சித்தி. உங்களுக்கு மொதல்ல டெஸ்ட் எடுக்கணும். நாளைக்கே போவோம். வேற ஏதாச்சுமாக்கூட இருக்கும்.” என் குரலை நானே நம்பவில்லை.

அம்மா மெல்லத் திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன்.

“மோரு குடி, போயிரும்னு நாந்தானடி வேலு சொன்னேன்” என்றாள். “ஜீப்புச் சூடுன்னு பேரு வச்சவளே நாந்தான்.”

வேலுத்தாய் என் கையை விட்டாள். அழுதுகொண்டு நின்ற தேவியைத் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளினாள்.

“வெள்ளிக்கிழமை இவளக் கூட்டிட்டுப் போ. எனக்குத்தான் இல்லைன்னுட்டியே.”