கேஸ் எடுத்த பிறகு

கிள்ளானில் எங்கள் வட்டாரத்தில் யாருக்கு நெஞ்சில் சளி கட்டினாலும் ஒரே பேச்சுதான்: கிளினிக்குப் போய் கேஸ் எடு. முகத்தில் மூடியை மாட்டி மருந்துப் புகையை இழுப்பதற்கு இங்கே அதுதான் பெயர். இழுத்தால் சளி கரைந்து ஓடிவிடும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது முதல் என் வீட்டுக்காரர் கமலநாதனைச் சளி விட்டபாடில்லை.

இன்றைக்குக் கேஸ் எடுத்ததும் மூச்சிழுப்பு நின்றது. கறுத்திருந்த உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சளி உள்ளே அப்படியே அடைத்துக்கொண்டு இருக்கிறதாம்.

“கேஸ் பாதையைத்தான் தொறக்கும் ஆன்டி. சளிய மேல தள்ளவும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும். ஆனா வெளிய கொண்டு வர்றது அங்கிளோட இருமல்தான். அதுக்கு அவருக்கு பலம் பத்தல.”

இன்னொரு தடவை கேஸ் வையுங்கள் என்றேன். வைத்தால் நெஞ்சு படபடக்குமே தவிர சளி வராது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, அது ஜாமில் நிற்கிறது, வரும்வரை அவரை இரும வையுங்கள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்து இதைத்தானா கண்டார்கள்? அந்தப் பெண்ணைச் சொல்லியும் குற்றமில்லை.

“நல்லா இருமுங்க லா,” என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. லோரி ஓட்டிய காலத்தில் அவர் ஒரு தடவை இருமினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மானம் போகிறது என்று திட்டுவேன். இப்போது ஊட்டிவிடுகிறேன், குளிப்பாட்டுகிறேன், தூக்கி உட்கார வைக்கிறேன். அவருக்குப் பதிலாக நான் எப்படி இருமுவது?

இப்படி, இப்படி என்று இருமிக் காட்டினேன். அடிவயிற்றிலிருந்து இழுத்து, தொண்டை எரிய எரிய இருமினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் எப்போது அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை.

அவருடைய இடது கை மெல்ல நகர்ந்து வந்து என் முதுகைத் தடவியது.

“வந்துடும்... வந்துடும் புனிதா,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தச் சளி அவர் நெஞ்சுக்குள் கொறகொறத்தது.